காத்திருக்கும் நேரம்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

காலை பத்து மணிக்குத் தொடங்கிய இவ்விழாவில் இரண்டாவதாக உரையாற்றும்படி என்னைப் பணித்திருந்தார்கள். நான் இம்மண்டபத்தின் வாயிலை மிதித்தபொழுது மணி பன்னிரண்டேகால். என்னுடைய இடத்தைப் பிற்பகலுக்கு மாற்றி வைத்த செயலாளர் அவர்களுக்கு நன்றியும், காத்திருக்க நேர்ந்த உங்களுக்கு என் வருத்தமும் உரியன. “விடுதலைக்குப் பின் நாடு கண்ட முன்னேற்றம்” என்பது எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. அதற்கென நான்கு தாள்களில் குறிப்பு எழுதி எடுத்து வந்திருக்கிறேன். ஆனால் இன்று காலை நான் வந்த வழியைச் சொல்லாமல் அத்தாள்களை மட்டும் படித்துவிட்டு அமர்ந்தால், படித்த எனக்கே அது மனத்தில் ஒட்டாது. ஆகவே இரண்டையும் கலந்தே பேச அனுமதி கோருகிறேன்.

முதலில் தாளில் இருப்பதைச் சொல்லி விடுகிறேன். 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். 2011ஆம் ஆண்டில் அது எழுபதைக் கடந்தது. தாழ்த்தப்பட்ட மக்களைத் தனியே எடுத்துக் கொண்டால், 1961இல் நூற்றுக்குப் பத்துப் பேர் எழுத்தறிந்திருந்தனர். 2011இல் அறுபத்தாறு பேர். நம் பெண்மக்களுள் 1961இல் நூற்றுக்கு மூவர் மட்டுமே எழுத்தறிந்திருந்தனர். 2011இல் ஐம்பத்தாறு பேர். இந்த மூன்று என்னும் எண்ணைப் படிக்கும்பொழுதெல்லாம் என் தாயார் நினைவுக்கு வருகிறார்; அவர் அந்த மூவருள் ஒருவரல்லர். 1951இல் ஏறத்தாழ 53,600 கிலோமீட்டராக இருந்த இருப்புப் பாதை இன்று 68,000 கிலோமீட்டரைக் கடந்துவிட்டது. 1975இல் ஆரியபட்டா விண்ணில் ஏறியது. 2023 ஆகஸ்டு 23ஆம் நாள் சந்திரயான் 3 நிலவின் தென்முனைப் பகுதியை அடைந்தது. இவை பொய்யல்ல. எவரேனும் நாடு முன்னேறவே இல்லை என்று சொன்னால், அவர் தம் தாத்தா வாழ்ந்த வாழ்வை அறியாதவர் என்றே நான் கருதுவேன்.

இனி, இன்று காலைக்கு வருகிறேன்.

எங்கள் காலனி பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஊரிலிருந்து முக்கால் கிலோமீட்டர் தள்ளி, ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபொழுது ஊருக்கே பேருந்து கிடையாது. ஏழு கிலோமீட்டர் நடந்து படித்தேன். பின்னர் அரசு விடுதியில் இடம் கிடைத்ததால் அந்த நடை நின்றது. 1970களில் ஊருக்குப் பேருந்து வந்தது. மாரியம்மன் கோவில் திடலில் திரும்பிச் சென்றுவிடும். காலனிக்கு வரும் வழியில் ஓடைமேல் சிறுபாலம் ஒன்று இல்லை என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. அந்தப் பாலம் கட்டப்பட்டது நான் தலைமையாசிரியரான பிறகு. முக்கால் கிலோமீட்டர் வந்து சேர அந்தப் பேருந்துக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. என் துணைவியார் இதைக் கேட்டுச் சிரிப்பதில்லை. பிள்ளைப்பேற்றுக்கு அந்த முக்கால் கிலோமீட்டரையும் மாட்டு வண்டியில் கடந்தவர் அவர்.

காலை ஆறு நாற்பதுக்கு வர வேண்டிய பேருந்து இன்று வரவில்லை. வராது என்று சொல்வாரும் இல்லை. நிறுத்தத்தில் கட்டட வேலைக்குச் செல்லும் ஆண்கள் நால்வர், நகராட்சித் துப்புரவுப் பணிக்குச் செல்லும் பெண்கள் மூவர், கல்லூரி மாணவி ஒருத்தி, நான். ஏழரை மணிக்கு ஒருவர் நடத்துநருக்குத் தொலைபேசியில் பேசிப் பார்த்தார். “டிரிப் கட்” என்று பதில் வந்தது. இந்த இரண்டு சொற்களை எங்கள் காலனியில் எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகளும் அறிவார்கள். ஓட்டுநர் பற்றாக்குறையோ, வண்டிப் பழுதோ, வேறெங்கோ கூட்டமோ, எதுவாயினும் வெட்டப்படுவது கடைக்கோடித் தடத்தின் நடைதான். வெட்டும் அதிகாரியிடம் வன்மம் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அவர் முன்னால் ஒரு பட்டியல் இருக்கிறது. எந்த நடையை வெட்டினால் எவரும் வந்து கேட்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவ்வளவே.

எட்டு மணிக்கு வந்த வண்டி நிறுத்தத்தைக் கடந்து ஐம்பது அடி தள்ளி நின்றது. ஆண்கள் ஓடி ஏறினர். துப்புரவுப் பணியாளரான அம்மையார் ஒருவர் முழங்கால் வலியோடு ஓடினார். 2021ஆம் ஆண்டு மே மாதம் முதல் நம் மாநிலத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லலாம். அது மிக நல்ல ஏற்பாடு; தினக்கூலியில் ஒரு பகுதியைப் பேருந்துக்குக் கொடுத்து வந்த எங்கள் பெண்கள் அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்கு முட்டை வாங்குவதை நான் கண்ணால் காண்கிறேன். ஆயினும் பெண்கள் மட்டும் நிற்கும் நிறுத்தத்தில் வண்டி நில்லாமல் செல்கிறது என்று அவர்களே குறைப்பட்டுக் கொள்கிறார்கள். உரிமையைச் சட்டம் கொடுத்துவிடுகிறது. அதைப் பெற இன்னும் ஐம்பது அடி ஓட வேண்டியிருக்கிறது.

அந்த மாணவி ஏறவில்லை. என்னிடம் படித்த ஒருவரின் மகள் அவள். “ஏம்மா, ஏறலியா?” என்று படியில் நின்றபடியே கேட்டேன். “இப்பப் போனா மொத ரெண்டு பீரியடும் போயிடும் சார். உள்ள விடமாட்டாங்க. நான் வீட்டுக்கே போறேன் சார்,” என்று சொல்லித் திரும்பி நடந்தாள். நூற்றுக்கு எழுபத்தைந்து நாள் வருகை இல்லாவிட்டால் தேர்வெழுத முடியாது, தண்டத் தொகை கட்ட வேண்டும் என்பதைப் படித்தவர்கள் அறிவீர்கள். அவள் சோம்பேறியல்லள், ஆறரை மணிக்கே வந்து நின்றவள். கல்லூரியின் பதிவேட்டில் இன்று அவளுக்கு எதிரே எழுதப்படுவது ‘வரவில்லை’ என்பது. வராதது எது என்று அந்தப் பதிவேடு கேட்காது.

சந்திப்பு நிலையத்தில் எனக்குரிய வண்டி போய்விட்டிருந்தது. அடுத்த பாசஞ்சர் வண்டியில் நின்றுகொண்டே வந்தேன். வழியில் ஒரு சிறு நிலையத்தில் எங்கள் வண்டியைக் கிளைத் தண்டவாளத்தில் ஒதுக்கி நிறுத்தினார்கள். முப்பத்தைந்து நிமிடங்கள். முதலில் ஒரு விரைவு வண்டி சென்றது. பின்னர் வெள்ளையும் நீலமுமாக ஒரு புதிய வண்டி, உள்ளே இருப்போர் முகம் தெரியாத வேகத்தில் சென்றது. எங்கள் பெட்டியில் இருந்த குழந்தைகள் அதைக் கண்டு கை தட்டினர். நானும் மகிழ்ந்தேன் என்பதை மறைக்க மாட்டேன். விரைவு வண்டிக்கு முதலிடம் என்பது இருப்புப் பாதை நிருவாகத்தின் விதி. ஒரே தடத்தில் வேகமானதும் மெதுவானதும் ஓடினால் மெதுவானதுதான் ஒதுங்க வேண்டும். இதில் தவறு காண இயலாது. ஆனால் ஒவ்வொரு நாளும் ஒதுங்குகிறவர் ஒருவரே என்றால், அந்த நேரம் யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது? கொரோனாத் தொற்றுக்குப் பின் பாசஞ்சர் வண்டிகளை மீண்டும் ஓட்டியபொழுது குறைந்த கட்டணமான பத்து ரூபாயை முப்பதாக்கினார்கள். 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. இடைப்பட்ட காலமெல்லாம் ஒதுங்கி நின்றதற்கும் சேர்த்துக் கூலித்தொழிலாளி மூன்று மடங்கு கொடுத்தார்.

அந்த முப்பத்தைந்து நிமிடங்களில்தான் என் நான்கு தாள்களும் எனக்குப் போதாதவையாகத் தோன்றின. நம் மக்களின் வரலாற்றில் பயணம் என்பது என்றுமே இடத்தை விட்டு இடம் செல்வது மட்டுமாக இருந்ததில்லை. 1893ஆம் ஆண்டில் திருவிதாங்கூரில் அய்யன்காளி அவர்கள் பொதுச்சாலையில் வில்வண்டி ஓட்டிச் சென்றார். ஒரு மனிதன் தன் சொந்த வண்டியில் சாலையில் செல்வது ஒரு போராட்டமாக இருந்த காலம் அது.

1901இல் சாத்தாராவிலிருந்து தந்தையாரைக் காணப் புறப்பட்ட சிறுவர்கள் சிலர் மசூர் என்னும் நிலையத்தில் இறங்கினர். தந்தையாருக்கு எழுதிய கடிதம் அவர் கைக்குச் சேரவில்லை. ஆகவே அழைத்துச் செல்ல எவரும் வரவில்லை. நல்லுடை அணிந்திருந்த அச்சிறுவர்களிடம் நிலைய அதிகாரி அன்போடுதான் விசாரித்தார். மகார் என்று அறிந்ததும் அவர் முகம் மாறியது. வெளியே மாட்டு வண்டிகள் இருந்தன. ஏற்றிச் செல்ல ஒருவரும் முன்வரவில்லை. இறுதியில் இரட்டைக் கூலி தருவதாகச் சொல்லி, வண்டியைச் சிறுவர்களே ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் உடன் நடந்து வருவார் என்று உடன்பாடாயிற்று. கட்டுச்சோறு இருந்தும், குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் இரவெல்லாம் அவர்கள் தவித்தார்கள். அச்சிறுவர்களுள் ஒருவரே அண்ணல் அம்பேத்கர். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்று பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய சிறு நூலில் முதலில் வருவது இந்த நிகழ்ச்சிதான். அதே நூலில் மற்றொன்றும் உண்டு. 1929இல், வழக்கறிஞராகவும் பம்பாய் சட்டமன்ற உறுப்பினராகவும் உயர்ந்த பின், சாலிஸ்கானில் அவரை ஏற்றிச் செல்லக் குதிரை வண்டிக்காரர் எவரும் இசையவில்லை. பழக்கமில்லாத ஒருவர் ஓட்டியதால் வண்டி பாலத்தில் மோதி, அவர் தூக்கியெறியப்பட்டுக் கால் முறிந்தது. மேலைநாடுகளில் பெற்ற பட்டங்கள் அனைத்தும் அவருடன்தான் அந்த வண்டியில் இருந்தன.

நம் பகுதியின் கதைக்கு வந்தால், 1856ஆம் ஆண்டு சூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் இரயில் வண்டி ஓடியது. அத்தடம் எங்கள் மாவட்டத்தின் நெஞ்சில் ஓடியது எனலாம். பிற்காலத்தில் எங்கள் மூதாதையர் பண்ணையடிமைத் தளையை அறுத்துக்கொண்டு கோலார் தங்கவயலுக்குச் சென்றது இரயிலேறித்தான். பெட்டிக்குள் தீண்டாமையைக் கடைப்பிடிப்பது எளிதாக இல்லை. அருகில் அமர்ந்தவர் யாரெனக் கேட்டுக் கொண்டிருக்க வண்டி நிற்காது. நிலையத்துச் சிற்றுண்டிச் சாலையில் மட்டும் பிராமணருக்குத் தனியிடம் இருந்தது. அது 1941இல்தான் நீங்கியது. இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலையிலும் தெருவிலும் கிணற்றிலும் நமக்கு உரிமை உண்டு என்றது. சாலையில் நடக்கலாம் என்பதற்கு ஒரு சட்டமன்றத் தீர்மானம் வேண்டியிருந்தது என்பதை இங்கேயுள்ள மாணவர்கள் ஒருகணம் எண்ணிப் பார்க்க வேண்டும். தனியார் பேருந்துகள் வந்தபொழுது நம்மை ஏற்ற மறுத்தனர். இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த ஊ.பு.அ. சவுந்தரபாண்டியனார், அவ்வாறு மறுக்கும் பேருந்தின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணையிட்டார். அந்த மனிதரை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

விடுதலைக்குப் பின் 1955ஆம் ஆண்டுச் சட்டம், பொது ஊர்தியில் ஏற விடாமல் தடுப்பதைக் குற்றமாக்கியது. 1972இல் தமிழகத்தில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தோன்றின. என் தந்தையார் எவர் பக்கத்திலும் அமரலாம் என்ற நிலை வந்தது. முதன்முறை அவர் அமரவில்லை, இடமிருந்தும் நின்றே வந்தார் என்பது வேறு செய்தி. அரசு அறிவித்த நாளுக்கும், உடல் அதை நம்பும் நாளுக்கும் இடையே சில ஆண்டுகள் கழிகின்றன.

ஆனால் கதை அங்கே நின்றுவிடவில்லை. 1997இல் தென்மாவட்டத்தில் ஒரு போக்குவரத்துக் கழகத்திற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியபொழுது, அப்பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஒரு சாரார் கிளர்ந்தனர்; கலவரம் மூண்டது. இறுதியில் அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே நீக்கிவிட்டது. ஒரு காலத்தில் நாம் பேருந்தில் ஏறக்கூடாது என்றவர்கள், நம்மவர் பெயர் பேருந்தில் ஏறக்கூடாது என்றார்கள். அதே ஆண்டு சூன் 30ஆம் நாள் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன், மதுரையிலிருந்து பேருந்தில் ஊர் திரும்புகையில் வழிமறிக்கப்பட்டு, உடன் இருந்த ஐவரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். சுவருக்காக அறியப்பட்ட உத்தப்புரத்தில் 2008இல் அச்சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. அம்மக்களின் கோரிக்கைகளுள் பேருந்து நிழற்குடையும் ஒன்று. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில், தேர்வெழுதப் பேருந்தில் சென்ற நம் மாணவன் ஒருவன் கீழே இழுக்கப்பட்டு, கைவிரல்கள் வெட்டப்பட்டன. பதினோராம் வகுப்புப் பிள்ளை. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு வலுவில்லை.

நண்பர்களே! கொடுமைகளைச் சட்டத்தால் எதிர்கொள்ள 1989ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, இயக்கங்கள் இருக்கின்றன. நான் பேச வந்தது அதைவிடச் சிறிய ஒன்று: வெட்டப்படாமல், அடிக்கப்படாமல், வெறுமனே காத்திருந்தே கழிந்து போகும் காலம். இதற்கு வழக்குப் பதிவு கிடையாது. செய்தித்தாளில் வராது. குற்றவாளி என்று எவரையும் கைகாட்டவும் முடியாது. அதனாலேயே இது நிலைத்து நிற்கிறது.

இதில் நானும் குற்றவாளிகளுள் ஒருவன் என்பதை இந்த மேடையில் சொல்லியாக வேண்டும். நான் பதினொரு ஆண்டுகள் தலைமையாசிரியராக இருந்தேன். கண்டிப்பானவன் என்று பெயரெடுத்தவன். ஒன்பதேகாலுக்கு இறைவணக்கம், மணியடித்ததும் வாயிற்கதவைச் சாத்தச் சொல்வேன். தாமதமாக வருவோர் பெயர் ஒரு பதிவேட்டில் ஏறும். முதல் பாடவேளை முழுவதும் அவர்கள் திடலில் கல் பொறுக்க வேண்டும். காலந்தவறாமை கற்பிக்கிறேன் என்ற பெருமிதம் எனக்கு. ஓராண்டு இறுதியில் உதவி ஆசிரியை ஒருவர் அந்தப் பதிவேட்டை என் மேசைமேல் விரித்து வைத்து, “ஐயா, இந்தப் பெயர்களுக்கு எதிரே ஊர்ப்பெயரையும் எழுதிப் பாருங்கள்,” என்றார். எழுதினேன். ஏறக்குறைய அனைத்தும் இரண்டே காலனிகள். இரண்டுக்கும் ஒரே பேருந்து. அந்தப் பேருந்து ஒன்பது இருபதுக்குத்தான் பள்ளி நிறுத்தத்துக்கு வரும்படி கால அட்டவணை இருந்தது. அதாவது பேருந்து குறித்த நேரத்துக்கு வந்தாலும் என் பிள்ளைகள் கல் பொறுக்கத்தான் வேண்டும். ஆண்டுக்கணக்கில் கல் பொறுக்கினார்கள். ஒருவனும் என்னிடம் காரணம் சொல்லவில்லை. சொல்ல நான் இடங்கொடுத்திருந்தால் அல்லவா சொல்வான்? நானும் அப்படியொரு காலனியிலிருந்து நடந்து வந்து படித்தவன். விடுதியில் இடம் கிடைத்த நாளோடு அந்த நடையை மறந்துவிட்டிருந்தேன் போலும். அவர்களுள் பாதியில் நின்றுவிட்ட இருவரை இன்றும் சந்தையில் பார்க்கிறேன். “வணக்கம் ஐயா” என்று மரியாதையோடுதான் சொல்கிறார்கள்.

அந்தப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு பேருந்துக் கிளை அலுவலகத்துக்குப் போனேன். வெறும் விண்ணப்பமாக இருந்திருந்தால் வழக்கம்போல் வாங்கி வைத்துக் கொண்டிருப்பார்கள். நாளும் நேரமும் பெயரும் எழுதிய பதிவேட்டை அவர்களால் மறுக்க முடியவில்லை. ஏழு மாதங்கள் அலைந்தபின் பேருந்து இருபது நிமிடம் முன்னதாகப் புறப்பட்டது. பின்னர் இரு தடங்களை ஒன்றாக்கியபொழுது அதுவும் போயிற்று. ஆயினும் வழி எது என்று எனக்குத் தெரிந்தது.

இந்தச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகக் குறிப்பேடுகளும் சீருடைகளும் வழங்கி, மாலை வகுப்புகள் நடத்தி, நம் பிள்ளைகளைக் கல்லூரி வாயில்வரை கொண்டு வந்து விட்டிருக்கிறது. இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை. என் பேரனே இம்மாலை வகுப்பில் கணக்குப் படித்தவன். ஆனால் இன்று காலை திரும்பி நடந்த அந்தப் பெண்ணுக்கு இனி வேண்டியது குறிப்பேடு அன்று. ஆறு நாற்பதுப் பேருந்து. அவள் தந்தையிடம் நான் பேசியிருக்கிறேன். இந்தப் பருவத்தோடு படிப்பை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறார். கெட்டவர் அல்லர், இருட்டும் வரை மகள் எங்கோ ஒரு நிறுத்தத்தில் நிற்பதை எண்ணி அஞ்சுகிறவர்.

ஆகவே நிருவாகக் குழுவிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நம் சங்கத்தின் பிள்ளைகள் ஏறும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருவர் பொறுப்பேற்று, மூன்று மாதங்கள், பேருந்து வந்த நேரத்தையும் வராத நாளையும் எழுதி வர வேண்டும். காத்திருந்தோர் தொகையையும் எழுத வேண்டும். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, அதே மூன்று மாதங்களில் எத்தனை நடைகள் வெட்டப்பட்டன, எந்தத் தடத்தில் என்று கிளை அலுவலகத்தைக் கேட்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்து, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்க வேண்டும். கிராம சபையிலும் படிக்க வேண்டும். அதுவரை, மாலை வகுப்பைக் கடைசிப் பேருந்துக்கு அரைமணி முன்னதாக முடிக்க வேண்டும். இப்பொழுது ஏழரைக்கு முடிவதால் பெண்பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்று வருவதை வருகைப் பட்டியலில் பார்த்தேன். அவர்கள் படிப்பில் நாட்டமில்லாமல் நின்றதாக அங்கே ஒரு குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர் தயவுசெய்து அதைத் திருத்திவிட வேண்டும்.

சந்திப்பு நிலையத்தில் அடுத்த வண்டிக்குக் காத்திருந்தபொழுது நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்று வாங்கினேன். எங்கள் நிறுத்தத்துக்குரியது இது. முதல் பக்கத்தில் இன்றைய நாளைப் போட்டு, ஆறு நாற்பது வரவில்லை, எட்டு மணி வண்டி ஐம்பது அடி தள்ளி நின்றது, காத்திருந்தோர் ஒன்பது பேர், திரும்பிச் சென்றவர் ஒருவர் என்று எழுதியிருக்கிறேன். செயலாளர் அவர்கள் இதில் சங்கத்தின் முத்திரையை இட்டுத் தருமாறு கேட்டுக் கொள்கிறேன். நாளைக் காலை ஆறரைக்கு இது எனக்கு வேண்டும்.